ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா? எங்கள் வீட்டுப் போத்தல் கணக்கு

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது மகளின் தண்ணீர்ப் போத்தல் மூடி உடைந்தது. அதே வாரத்தில் என் கணவர், லோரியில் வெயில் பட்டு வாடை பிடித்துப்போன பிளாஸ்டிக் போத்தலைத் தூக்கி எறிந்தார். இரண்டுக்கும் முந்திக்கொண்டது அப்பாவின் பழைய தெர்மோஸ். உள்ளே கண்ணாடி வைத்த அந்தக் காலத்துச் சாமான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில், குலுக்கினால் சலங்கை கட்டியது போலச் சத்தம் கேட்டது. ஆக, மூன்று போத்தல் வாங்கியாக வேண்டும். ஒதுக்க முடிந்த பணம் 150 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட்.

நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட் பெரிய ஊர் இல்லை. இருந்தாலும் போத்தலுக்குப் பஞ்சமில்லை. டவுனில் நம்மவர் மளிகைக் கடையில் ஒற்றைச் சுவர் எவர்சில்வர் போத்தல் 15 வெள்ளி, 20 வெள்ளிக்குத் தொங்குகிறது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ‘24 மணி நேரம்’ என்று அட்டை எழுதி வைத்த வண்ண வண்ணப் போத்தல்கள் 25லிருந்து 45 வரை. ஈப்போவுக்குப் போனால் பேரங்காடியில் ஜப்பான் பெயர் போட்டவை 80 வெள்ளியைச் சுற்றித் தொடங்கும். பெரியது என்றால் 150ஐயும் தாண்டும். ஒருவருக்கு நல்லதாக ஒன்று வாங்கிவிட்டு மற்ற இரண்டு பேரையும் பழைய சோடா போத்தலோடு அனுப்புவதா, மூன்றையும் மளிகைக் கடையிலேயே முடித்துக்கொண்டு மீதிப் பணத்தில் புத்தகப் பை வாங்குவதா என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சு ஓடியது.

“ஏம்மா, தண்ணி குடிக்கிற போத்தலுக்கா எம்பது வெள்ளி?” என்றார் அப்பா. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அவர் பால் சேர்க்காத வரக்கோப்பியைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைத்து, சைக்கிளில் தொங்கவிட்டுப் போனவர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நான் காலையில் சாலையோரத்தில் இட்டிலியும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் விற்கிறவள். பாத்திரம் கழுவுவதுதான் என் பிழைப்பில் பாதி. அதனால் கடைக்காரர் எத்தனை மணி நேரம் சூடு நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எத்தனை துண்டாகக் கழற்ற வரும்? யார் கழுவப் போகிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் சுவர்.

சுவர் ஒன்றா, இரண்டா

ஒற்றைச் சுவர் என்றால் ஒரே ஒரு தகடு. சுடுநீர் ஊற்றினால் கையில் பிடிக்க முடியாது. ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்த்துக் கொட்டும். ஆனால் எடை குறைவு. மளிகைக் கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்தேன்: ஒரு லிட்டர் ஒற்றைச் சுவர்ப் போத்தல் 210 கிராம், அதே அளவு இரட்டைச் சுவர் 460 கிராம். விழுந்து நசுங்கினாலும் ஒற்றைச் சுவர் தண்ணீர் பிடிக்கிற வேலையை விடாது.

இரட்டைச் சுவரில் ஒரு போத்தலுக்குள் இன்னொரு போத்தல் இருக்கிறது. இரண்டும் வாய்ப் பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லாததால் வெப்பம் நடந்துபோகப் பாதை இல்லை. பக்கத்துக் கோலகங்சாரில் 1877ல் ரப்பர் கன்று ஊன்றினார்களே, அதற்குச் சரியாக 15 வருடம் கழித்து, 1892ல், லண்டனில் ஜேம்ஸ் டுவார் என்ற விஞ்ஞானி இந்தக் குடுவையைச் செய்தார். அவர் செய்தது கோப்பிக்கு இல்லை. திரவமாக்கிய வாயுக்களைக் குளிர் போகாமல் வைத்திருக்க. காப்புரிமை எடுக்காமல் விட்டுவிட்டார். 1904ல் ஜெர்மனிக்காரர்கள் அதையே தெர்மோஸ் என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார்கள். அப்பா உடைத்தது அந்த வம்சத்துக் கண்ணாடிக் குடுவைதான். இப்போது வருவதில் கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவர்சில்வர் இந்த வேலைக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. செம்பு கடத்துகிற வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட அது கடத்தாது. சமையலில் இது தொல்லை. அதனால்தான் அடியில் செம்பு வைத்த எவர்சில்வர் சட்டிகள் வந்தன. போத்தலில் இதுவே லாபம். இரண்டு சுவரும் ஒட்டியிருக்கும் கழுத்து வழியாக வெப்பம் மெதுவாகத்தான் கசியும். மீதி கசிவில் பெரும்பகுதி மூடி வழியாக. வாய் அகலமான போத்தலில் சூடு சீக்கிரம் இறங்குவது அதனால்தான். ஒரே கடையில் ஒரே அளவில் குறுகிய வாயும் அகன்ற வாயும் இருந்தால், கோப்பிக்குக் குறுகியதை எடுங்கள்.

அட்டையில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை நான் நம்புவதில்லை. ஜப்பான் போத்தல்களில் மட்டும் கணக்கு ஒழுங்காக இருக்கும்: 95 டிகிரி சுடுநீர் ஊற்றி, 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி, 4 டிகிரி குளிர்நீர் ஊற்றி, 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி. ஆனால் அந்தச் சோதனையைச் செய்வது 20 டிகிரியை ஒட்டிய அறையில். நம் ஊரில் 20 டிகிரி எங்கே இருக்கிறது? குளிர்நீருக்கும் அறைக்கும் அங்கே வித்தியாசம் 16 டிகிரி. நம் வீட்டுத் திண்ணையில் 33 டிகிரி என்று வைத்தால் வித்தியாசம் 29. உள்ளே நுழையும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெயிலில் நிறுத்திய லோரிக்குள் 45 டிகிரி என்றால் இரண்டரை மடங்கு. சூட்டுக்குக் கணக்கு தலைகீழ். 95க்கும் 20க்கும் இருக்கும் இடைவெளியைவிட 95க்கும் 33க்கும் இருப்பது குறைவு. அதனால் அட்டையில் போட்டதைவிட நம் ஊரில் கோப்பி கொஞ்சம் கூடுதலாகவே சூடாக இருக்கும். ஐஸ் தண்ணீர் அட்டை சொல்கிற அளவு தாங்காது.

ஐஸ் விரும்பிகளுக்கு ஒரு சமாதானம் சொல்கிறேன். தண்ணீரைக் குளிர வைத்து ஊற்றுவதைவிட ஐஸ் கட்டி போட்டு ஊற்றுவது பல மடங்கு வேலை செய்யும். 100 கிராம் ஐஸ் உருகும்போது உறிஞ்சுகிற வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 8 டிகிரி இறக்குவதற்குச் சமம். ஆனால் கட்டி உள்ளே போக அகன்ற வாய் வேண்டும். கோப்பிக்குச் சொன்ன புத்திமதி இங்கே செல்லாது.

பாசார் மாலாம் பரீட்சை

25 வெள்ளிப் போத்தலில் பாதிக்குப் பாதி சந்தேகம்தான். இரட்டைச் சுவர் இருக்கும். நடுவில் காற்றும் இருக்கும். காற்று எடுக்காத இரட்டைச் சுவர் கை சுடாமல் காப்பாற்றும், சூட்டைக் காப்பாற்றாது. பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழிதான். பக்கத்தில் தே தாரிக் என்கிற பால் தேநீரை இழுத்து ஆற்றுகிற அண்ணனிடம் ஒரு கோப்பை கொதிநீர் கேட்டேன். போத்தல் விற்கிற பையன் முதலில் முகத்தைச் சுளித்தான். “வாங்கத்தானே போறேன், தம்பி” என்றதும் விட்டுவிட்டான். முதல் போத்தலில் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் நின்றோம். நடு வயிற்றில் கை வைத்தால் வெதுவெதுப்பாக ஏறியது. அது வேண்டாம். இரண்டாவதில் வாய் ஓரம் மட்டும் சூடு. வயிறும் அடியும் கடையில் இருந்த மற்றப் போத்தல்கள் போலவே குளிர்ந்திருந்தன. அதை எடுத்தோம், 42 வெள்ளி. வீட்டில் இருக்கும் பழைய போத்தலுக்கும் இதே பரீட்சைதான். விழுந்து அடிபட்ட பிறகு வெளிப்பக்கம் சுட ஆரம்பித்தாலோ, ஐஸ் தண்ணீருக்கு வெளியே வியர்த்தாலோ, வெற்றிடம் போய்விட்டது. அதைச் சரிசெய்ய முடியாது. சும்மா தண்ணீர்ப் போத்தலாக வைத்துக்கொள்ளலாம்.

சில போத்தல்களில் காற்றை எடுத்த துளையை அடைக்க அடியில் ஈயம் கலந்த ஒரு சிறு பொட்டு வைத்து, அதன்மேல் தகடு மூடியிருப்பார்கள். குடிக்கிற தண்ணீர் அதைத் தொடாது. ஆனால் அந்த அடித்தகடு கழன்று விழுந்த போத்தலைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எந்தத் தகடு

போத்தலின் அடியில் 304 என்றோ, 18/8 என்றோ முத்திரை இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 100 கிராம் எஃகில் சுமார் 18 கிராம் குரோமியம், 8 கிராம் நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. கீறினாலும் அந்தப் படலம் தானாகவே திரும்பக் கட்டிக்கொள்ளும். விலையைக் குறைக்க நிக்கலைப் பாதியாக்கி மாங்கனீசு சேர்த்தால் அது 201. அதிலும் முதல் நாள் பளபளப்பு இருக்கும். வாய் விளிம்பிலும் ஒட்டு போட்ட இடத்திலும் சீக்கிரம் பழுப்பு எட்டிப் பார்க்கும். 316 என்பது மாலிப்டினம் சேர்த்தது. உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். தெரியாது. 304ம் ஒட்டாது, 201ம் ஒட்டாது. தட்டி வளைத்த இடத்தில் 304கூடக் கொஞ்சம் ஒட்டும். காந்தம் பச்சென்று பிடித்துக்கொண்டால் அது நிக்கல் இல்லாத தகடு என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். முத்திரையையும் முழுதாக நம்ப முடியாது. உள்சுவர் 304, வெளிச்சுவர் 201 என்று செய்கிறவர்களும் உண்டு. தண்ணீர் படுவது உள்சுவர் என்பதால் அது பெரிய குற்றமும் இல்லை. என்னைக் கேட்டால், வெறும் தண்ணீருக்கும் தேநீருக்கும் 304 போதும். 316க்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்துக்கு நல்ல மூடி உள்ளதாகப் பாருங்கள்.

மூடி

மகளின் பழைய போத்தலைத் தூக்கிப் போடுவதற்கு முன் மூடியைப் பிரித்துப் பார்த்தேன். அழுத்தினால் திறந்து, உறிஞ்சு குழாய் எழுந்து நிற்கிற மாதிரி. பூட்டு உடைந்திருந்தது, மற்றதெல்லாம் சரிதான் என்று நினைத்தேன். கரண்டிக் காம்பை நுழைத்து சிலிக்கோன் வளையத்தை நெம்பி எடுத்தால், அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் சுற்றிலும் கறுப்பாக ஒரு கோடு. விரலால் தொட்டால் வழவழவென்று இருந்தது. உறிஞ்சு குழாய் திரும்புகிற மடிப்பிலும் அதே கறுப்பு. போத்தலைத் தினமும் சோப்பு போட்டுத்தான் கழுவினேன். வளையத்தை ஒரு நாளும் கழற்றியதில்லை. கழற்ற வரும் என்பதே தெரியாது. கடையில் பத்துப் பேருக்குச் சோறு போடுகிறவள், உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி மாட்டி வைத்திருக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு எட்டு மாதம் அதில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மூடியைப் பார்த்துத்தான் போத்தலை எடை போடுகிறேன். மூடியில் மூன்று சாதி.

திருகு மூடி: ஒரு துண்டு, ஒரு வளையம். கழுவுவது சுலபம், ஒழுகாது, உடையாது. குறை என்றால், திறக்க இரண்டு கை வேண்டும். லோரி ஓட்டிக்கொண்டே திறக்க முடியாது, திறக்கவும் கூடாது.

அழுத்தித் திறக்கிற மூடி: ஒரு கை போதும். உள்ளே ஸ்பிரிங், பூட்டு, இரண்டு வளையம். நன்றாகச் செய்ததில் எல்லாம் கழற்ற வரும். மலிவானதில் ஸ்பிரிங் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும். வாங்கும்போது கடையிலேயே வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். கழற்ற வராவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

உறிஞ்சு குழாய் மூடி: பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான். மெல்லிய தூரிகை வைத்துக் குழாயைத் தினமும் தேய்க்கிற பொறுமை உள்ள வீட்டுக்கு மட்டும்.

கோப்பி வாடை போகவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வளையத்தைக் கழற்றி அதைத் தனியாக முகர்ந்து பாருங்கள், வெறும் போத்தலைத் தனியாக முகர்ந்து பாருங்கள். வாடை பெரும்பாலும் வளையத்தில்தான் இருக்கும். எஃகு வாடையைக் குடித்துக்கொள்ளாது. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் ஜப்பான்காரர்கள். ஆனால் மாற்று வளையம் கிடைக்க வேண்டுமே? பெயர் உள்ள போத்தலுக்குக் கிடைக்கிறது. பெயர் இல்லாததற்கு வளையம் அறுந்தால் முழுப் போத்தலும் போச்சு. 80 வெள்ளிக்கும் 25 வெள்ளிக்கும் இடையில் நான் ஒத்துக்கொள்கிற ஒரே பெரிய வித்தியாசம் இதுதான். வளையத்தைத் திரும்ப மாட்டும்போது மேல்பக்கம் கீழ்ப்பக்கம் பார்த்து மாட்டுங்கள். திருப்பி மாட்டினால் ஒழுகும். கழுவியதால்தான் கெட்டது என்று என் கணவர் போல் பழி சொல்லத் தோன்றும்.

எதை ஊற்றலாம்

தண்ணீர், வரக்கோப்பி, பால் இல்லாத தேநீர். இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம்.

மைலோவும் பால் தேநீரும் வேறு கதை. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி பெருகும். காலை ஆறு மணிக்கு ஒற்றைச் சுவர்ப் போத்தலில் ஊற்றிய மைலோ, பள்ளி இடைவேளைக்குள் வெதுவெதுப்பாக அந்த நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். நல்ல வெற்றிடப் போத்தலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சில மணி நேரம் தாங்கும். பாதி குடித்துவிட்டு மாலை வரை வைத்திருந்தால் அதுவும் கெட்டுப்போகும். மகளின் போத்தலில் தண்ணீர் மட்டும்தான் என்று சட்டம் போட்டுவிட்டேன்.

மோர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு இரண்டையும் ஊற்றிக் குடிக்கலாம். இரவு முழுக்க விட்டு வைக்கக் கூடாது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்த மெல்லிய படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கணவருக்குப் பிடித்த 100 பிளஸ் போன்ற வாயு பானத்தை இறுக்க மூடும் போத்தலில் ஊற்றவே வேண்டாம். லோரி குலுங்கக் குலுங்க உள்ளே அழுத்தம் ஏறி, திறக்கும்போது சட்டையெல்லாம் ஒட்டும். இதைச் சொல்லிப் புரியவில்லை. ஒருமுறை ஒட்டிய பிறகு புரிந்தது.

உறைபெட்டியில் போத்தலை வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கிறது. என் பழைய ஒற்றைச் சுவர்ப் போத்தலை முழுக்க நிரப்பி ஓர் இரவு வைத்ததில் அடி வெளியே பிதுங்கி, மேசையில் வைத்தால் தஞ்சாவூர் பொம்மை போல ஆடியது. இரட்டைச் சுவரை அடுப்பிலும் வைக்கக் கூடாது. உள்ளே அடைபட்ட இடம் சூடேறி வெடிக்கலாம். காட்டில் தீ மூட்டிச் சுடவைக்க வேண்டுமானால் வண்ணம் பூசாத ஒற்றைச் சுவர் மட்டும்தான், அதுவும் மூடியைக் கழற்றிவிட்டு.

கழுவுதல்

தினமும் சோப்பும் நீண்ட தூரிகையும் போதும். கழுவி, கவிழ்த்து, காய்ந்த பிறகு மூடாமல் வைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் மூடி வைத்த போத்தல் இரண்டே நாளில் வாடை பிடிக்கும். குறுகிய வாய்ப் போத்தலுக்குத் தூரிகை நுழையாவிட்டால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். நம் பாட்டிமார் வழிதான். உள்ளே பூச்சு பூசிய போத்தலுக்கு மட்டும் அரிசியும் வேண்டாம், முரட்டுத் தூரிகையும் வேண்டாம்.

தேநீர்க் கறைக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா மாவு, மேலே சுடுநீர், அரை மணி நேரம் ஊறல். மூடியைப் போடக் கூடாது. அப்பா போட்டுவிட்டார். சோடா மாவு சுடுநீரில் வாயு விடும். திருகைப் பாதி திறந்ததும் மூடி ‘டப்’பென்று எகிறிக் கூரைத் தகரத்தில் இடித்தது. நல்லவேளை, முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. சோடா மாவுக்கு அசையாது. கொஞ்சம் வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்த வெந்நீர் அரை மணி நேரத்தில் கரைத்துவிடும். புதுப் போத்தலின் தகர வாடைக்கும் இதே வினிகர் வெந்நீர்தான்.

நான் செய்த பெரிய தப்பு பிளீச். வளையத்தில் கறுப்பைப் பார்த்த ஆத்திரத்தில், வீட்டில் இருந்த இன்னொரு போத்தலில் தரை துடைக்கிற பிளீச்சைக் கலந்து இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். ஒரு வாரத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் பழுப்புத் துரு. கிருமி போயிருக்கும், போத்தலும் போயிற்று. இரும்பு நாரும் அப்படித்தான். அது விட்டுப்போகும் துகள் துருப்பிடித்து, போத்தலே துருப்பிடித்தது போலத் தெரியும்.

அடியில் மாட்டுகிற ரப்பர் உறையை வாரம் ஒருமுறை கழற்றிக் காயவிடுங்கள். அதற்குள் தேங்குகிற தண்ணீருக்கு வேறு வழியில்லை.

அப்புறம் பெயர். எவர்சில்வர் என்றால் அம்மாவுக்குப் பேர் வெட்டியாக வேண்டும். கலியாணச் சீர்க் குடத்திலிருந்து கரண்டி வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார். ஒற்றைச் சுவர்ப் போத்தலுக்குத் தாராளமாக வெட்டச் சொன்னேன். வெற்றிடப் போத்தலின் வெளிச்சுவர் மெல்லிய தகடு. அங்கே சுத்தியலோடு யாரையும் விட எனக்கு மனசில்லை. அதற்கு ஒட்டு நாடாதான்.

யாருக்கு எது

மகளுக்கு 600 மி.லி. ஒற்றைச் சுவர், திருகு மூடி, 18 வெள்ளி. அவள் கேட்டது குதிரைப் படம் போட்ட உறிஞ்சு குழாய்ப் போத்தல். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளை தூக்குகிற புத்தகப் பையே ஒரு மூட்டை. அதில் இரட்டைச் சுவரின் கூடுதல் எடை வேண்டாம் என்பது என் முடிவு. பள்ளியில் தண்ணீர் திரும்ப நிரப்பிக்கொள்ள வசதி இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிற வெயிலில், அவள் நிறையக் குடிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், ஜில்லென்று குடிக்க வேண்டும் என்பதில்லை. குளிர்நீர் ஊற்றினால் வியர்த்துப் புத்தகம் நனைகிறது என்பது உண்மைதான். பழைய துவாலையில் ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். அதில் குதிரைப் படம் பின்னியதும் பேச்சு வந்தது.

கணவருக்கு அந்த 42 வெள்ளிப் பாசார் மாலாம் போத்தல், ஒரு லிட்டர், அகன்ற வாய். அவர் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற நேரம்தான் நாளில் பெரும்பகுதி. ஐஸ் கட்டி கேட்கிற ஆள். எடை பிரச்சினை இல்லை, லோரிதானே தூக்குகிறது. மாற்று வளையம் கிடைக்காது என்று தெரிந்தேதான் வாங்கினோம். இரண்டு வருடம் உழைத்தால் போதும்.

ஆக, பெரிய பணம் அப்பாவுக்குப் போனது. ஈப்போவில் ஜப்பான் போத்தல், 500 மி.லி., குறுகிய வாய், மேலே கவிழ்க்கிற குவளை, 79 வெள்ளி. சொந்தமாக வைத்திருக்கும் மூன்று ஏக்கரில் அவர் இன்னும் விடியற்காலையில் பால் வெட்டுகிறார். ஐந்து மணிக்கு ஊற்றிய கோப்பியை ஒன்பது மணிக்குக் குடிக்கிறவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். சூட்டுக்குப் பணம் கொடுத்தால் அது அவருக்குத்தான் பலன் தரும். ஊற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கொதிநீர் ஊற்றிப் போத்தலைச் சுடவைத்துக் கொட்டிவிடுகிறேன். முழுக்க நிரப்பினால் சூடு நிற்கும், பாதி நிரப்பினால் நிற்காது என்பதால் அளவும் 500க்கு மேல் வாங்கவில்லை. மீதி 11 வெள்ளிக்கு நீளத் தூரிகையும் மெல்லிய தூரிகையும் வாங்கினேன்.

முதல் நாள் காட்டிலிருந்து திரும்பிய அப்பா போத்தலை மேசையில் வைத்துவிட்டு நாக்கைக் காட்டினார். பழைய பழக்கத்தில் குவளையில் ஊற்றாமல் அப்படியே வாயில் கவிழ்த்திருக்கிறார். நாலு மணி நேரம் கழித்தும் கோப்பி கொதித்துக்கொண்டிருந்ததாம். “காச வாங்கிட்டு ஏமாத்தலம்மா, அவன்” என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து கோப்பியை ஐந்து நிமிடம் ஆறவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.